மாமாவின் இடது காலும் துணி சுற்றிய பூங்காவும்

கடலூரில் நான் பார்த்த முதல் நினைவுச் சின்னம், கட்டி முடித்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு பூங்கா. புராதனச் சின்னத்துக்கு உரிய லட்சணங்கள் எல்லாமே அதற்கு இருந்தன. வாசல் அடைத்திருந்தது. உள்ளே புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஆடு மேய்ந்தது. ஏன் அடைத்திருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு வரலாறு சொன்னார்கள்.

2011 சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்த நேரம். பாளையங்கோட்டையில் நான் என் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "ஊரு பாக்க வான்னு பத்து வருஷமா கூப்புடறேன், வரல. இப்ப ஊரு பாக்க வேணாம். ஒரு மனு எழுதிக் குடுக்க வா. நீதான் நல்லா எழுதுவியே." கல்யாணமாகிப் போன நாற்பது வருடத்தில் அவள் பேச்சு முழுக்கக் கடலூர்ப் பேச்சாகிவிட்டது. குத்துகிற விதம் மட்டும் எங்கள் ஊருடையது.

வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். கடைசியில் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்தத் தாள் எந்த மேசைக்கு எந்த வழியாகப் போகும், எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் மனு எழுத என்னை அழைத்ததில் தவறில்லை.

மனு மாமாவுக்காக. அக்காவின் கணவரை எங்கள் பக்கம் அத்தான் என்போம். இந்த ஊரில் மாமா. நானும் அப்படியே பழகிவிட்டேன். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். போன வருடக் கடைசியில் லேசான பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கை திரும்பிவிட்டது, இடது கால் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. தினமும் நாற்பது நிமிடம் சமதரையில் நடக்க வேண்டும், விட்டால் கால் இறுகிவிடும், அப்புறம் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தெருவில் சமதரை என்றால் சாலைதான். சாலையோரம் நடந்தவரை ஒரு வேனின் பக்கக் கண்ணாடி முழங்கையில் தட்டிக் கீழே தள்ளியது. வேன் நிற்கவில்லை. அன்றிலிருந்து மூன்று வாரமாக மாமா வாசற்படி இறங்கவில்லை.

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பூங்கா. நடைபாதைக்கென்றே வழவழப்பில்லாத ஓடு பதித்து, வளைவுகளில் கைப்பிடி வைத்து, பத்தடிக்கொரு சிமென்ட் பெஞ்சு போட்டிருந்தார்கள். மாமாவின் காலை அளவெடுத்துக் கட்டியதுபோல இருந்தது. அதன் வாசலைத்தான் காடாத் துணியால் மேலிருந்து கீழ்வரை சுற்றி, சணல் கயிறு கட்டி, நாலு முடிச்சில் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

முதல் நாள் காலையில் பையை வைத்த கையோடு போய்ப் பார்த்தேன். வாசலுக்கு எதிர்த்தாற்போல் வேப்பமர நிழலில் ஒரு பெண் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். தாழங்குடாவிலிருந்து வருகிறவள், பெயர் அஞ்சலை. அக்காவுக்கு வாடிக்கை. நான் முத்திரையைக் குனிந்து பார்ப்பதை அவள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா சார் மோந்து பாக்கற? அது அரக்கு. மீன் இங்க இருக்குது."

"யார் வச்ச சீல் இது?"

"அத்த ஏன் கேக்கற" என்று ஆரம்பித்து, சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பூங்கா முடிந்ததும் திறப்பு விழாவுக்குக் கல் வெட்டி வந்தது. அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று இரண்டு பெரிய மனிதர்களுக்குள் தகராறு. கல் திரும்பிப் போனது. வேறு கல் வந்தது. அதில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அதுவும் போனது. மூன்றாவது கல் வந்து வாசல் தூணில் பதித்து, பந்தல் போட்டு, வாழைமரமும் கட்டியாயிற்று. அன்றைக்குப் பார்த்துத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். பந்தல் பிரிந்தது.

"மறுநாளு ஜீப்புல ரெண்டு பேரு வந்தாங்க. கல்லுல பேரு இருக்குதுல்ல, அத்த மூடணும்னு துணி கொண்டாந்தாங்க. கல்ல சுத்துனாங்க. துணி நெறைய மிச்சம் இருந்துது. திரும்ப எடுத்துனு போவானேன்னு வாசலையும் சேத்து ஒரே சுத்தா சுத்திட்டாங்க. ஒருத்தன் கையில அரக்கு இருந்துது. வெச்சிட்டான்."

தேர்தல் நேரத்தில் கல்வெட்டுகளை மூடுவது விதி. நானே எத்தனையோ கல்லை மூடியிருக்கிறேன், சிலைகளைக்கூட மூடியிருக்கிறேன். ஆனால் துணி மிச்சமிருந்த காரணத்துக்காக ஒரு பூங்காவை மூடியதை என் சேவைக் காலத்தில் கேள்விப்பட்டதில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். ஓர் இடத்துக்கு சீல் வைத்தால் இரண்டு சாட்சிகளை வைத்து மகஜர் எழுத வேண்டும், இன்ன நாளில் இன்ன உத்தரவுப்படி இன்னதைச் செய்தோம் என்று. அதில் ஒரு நகலை அங்கேயே ஒட்ட வேண்டும். இங்கே ஒட்டியதற்கான பசைகூட இல்லை.

"அப்ப உள்ள யாரும் போறதில்லையா?"

"ஏன் போவல? பின்னாடி செவுரு இடிஞ்சிருக்குது. ஊரே அதுல போவுது. சீட்டாடறவன் போறான், ஆடு போவுது, வாக்கிங் போற வாத்தியாரு போறாரு. உங்க மாமாதான் போவல."

வீட்டுக்கு வந்து மாமாவிடம் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் சிக்னல் விழாம ஒரு அடி வண்டிய நவுத்துனதில்ல மச்சான். இப்ப செவுரு ஏறிப் போவச் சொல்றியா?"

"ஏற வேண்டாம் மாமா. முட்டி உயரம்தான் இருக்கு."

"உனக்கு முட்டி உயரம். எனக்கு அது மலை."

விதியும் உடம்பும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லும்போது வாதாட முடியாது. அன்று சாயங்காலமே மனுவை எழுதினேன். 'பொறுப்பற்ற முறையில்', 'உத்தரவின்றி', 'கடும் நடவடிக்கை' ஆகிய மூன்றும் உரிய இடங்களில் இருந்தன. அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "இது நல்லா இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் அலுவலகங்கள். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பூங்காவைக் கட்டியவர்கள், "சீல் வெச்சது எலெக்‌ஷன் ஆளுங்க, அங்க கேளுங்க" என்றார்கள். தேர்தல் பிரிவில் ஒருவர் கோப்புகளைப் புரட்டி, "பூங்காவுக்கு சீல் வெச்சதா எங்ககிட்ட பேப்பரே இல்லையே சார்" என்றார்.

"அப்படின்னா பிரிச்சிடலாமா?"

"பேப்பர் இல்லாதத எப்படி சார் பிரிக்கச் சொல்லி ஆர்டர் போடறது?"

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டமும் தேர்தலை முன்னிட்டு ரத்து. அதற்குப் பதிலாக ஒரு மனுப் பெட்டி வைத்திருந்தார்கள். நான் பெட்டியருகே போனேன். அப்போது அந்த ஊழியரே பின்னால் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "பெட்டியில போட்டீங்கன்னா மேல போயிடும் சார். துணி சுத்துனது குமரவேல்னு ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர். எலெக்‌ஷன் டைம்ல வெளக்கம்லாம் கேக்க மாட்டாங்க. நேரா சஸ்பெண்டு. அவன்கிட்ட ஒரு வார்த்த பேசிப் பாருங்க. ஸ்ரீமுஷ்ணம் பக்கம் வண்டி செக்கிங்ல போட்டிருக்காங்க."

மனு சட்டைப் பைக்குத் திரும்பியது.

மீதி நாள் கையில் இருந்தது. தேவனாம்பட்டினம் கோட்டையைப் பார்க்கப் போனேன். சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்திருந்த காலத்தில் ஆங்கிலேயர் இங்கிருந்துதான் ராஜ்யம் நடத்தினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் இதையும் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். மிச்சமிருப்பது கெடிலம் ஆற்றங்கரையில் சில செங்கல் சுவர்கள், ஒரு வளைவு, நிறையக் கருவேலம். ஆட்டோக்காரர் இறங்கவே இல்லை. "இதுல இன்னா சார் இருக்குது, பீச்சுக்குப் போவலாம்" என்றார். இரண்டு வல்லரசுகள் அடித்துக்கொண்ட இடம் என்றேன். "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார். இறங்கிப் பார்த்தால் தெரியாது என்றேன். கடற்கரையில் காற்று நன்றாக இருந்தது. எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். மணலில் கால் புதையும், மாமாவுக்கு ஆகாது. அந்த ஊரில் எதைப் பார்த்தாலும் நான் இப்போது மாமாவின் காலைக்கொண்டுதான் அளந்தேன்.

மூன்றாம் நாள் ஸ்ரீமுஷ்ணம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு பலாப்பழம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் அது என் மடிக்கும் பாதி வந்தது. "கொஞ்சம் பாத்துக்குங்க மாமா, இறங்கி டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று முழுதாகவே ஒப்படைத்துவிட்டும் போனார். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவனை அண்ணாச்சி என்று ஒரு மரியாதையான தூரத்தில் நிறுத்துவோம். இங்கே மாமா ஆக்கி மடியில் பலாப்பழத்தை வைத்துவிடுகிறார்கள்.

பூவராகசுவாமி கோயிலின் முன்மண்டபத்தில் குதிரைகள் தூணோடு தூணாகப் பாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு வீரனுக்கும் மீசை வேறு, தலைப்பாகை வேறு. உள்ளே நுணுக்கம் இன்னும் அதிகம். கல்லில் நகையின் திருகாணி வரை தெரிகிறது. செதுக்கியவன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. என் பக்கத்துத் தூணில் ஒரு காதல் ஜோடியின் பெயர் மட்டும் ஆணியால் கீறியிருந்தது. கோரைக்கிழங்குப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் குமரவேலைத் தேடிப் போனேன்.

ஊருக்கு வெளியே சாமியானா போட்டு வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குமரவேலுக்கு முப்பது வயது இருக்கும். தூக்கம் இல்லாத கண். நான் யார், எங்கே வேலை பார்த்தேன் என்று சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். பூங்கா என்றதும் முகம் மாறிவிட்டது.

"நான் கல்ல மட்டுந்தான் சார் மூடச் சொன்னேன். அன்னிக்கு ஒரே நாள்ல நாப்பது எடம். உதவியாளர் வாசலையும் சேத்துச் சுத்திட்டாரு. நான் அடுத்த கல்லுக்குப் போயிட்டேன். மறுநாளு பாத்தேன், சரி மூடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"மகஜர்?"

"போடல சார்."

"பதிவேட்டுல?"

"கல்லு மூடியாச்சின்னு மட்டும் இருக்குது."

"பிரிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சீல் இருக்கிறத ஊரே பாத்திருக்குது சார். இப்ப யாரு பிரிக்கச் சொன்னான்னு எவனாவது போட்டோ எடுத்து அனுப்புனா? யாரு வெக்கச் சொன்னான்னு வரும். எனக்கு இன்னும் புரொபேஷன் முடியல. மே பதிமூணு வரைக்கும் பொறுத்துக்குங்க சார். ஓட்டு எண்ணி முடிஞ்சா எல்லாம் தானா பிரிஞ்சிடும்."

மே பதின்மூன்றுக்கு ஆறு வாரம் இருந்தது. ஆறு வாரத்தில் மாமாவின் கால் என்ன ஆகும் என்று சொன்னேன். அவன் ஒரு லாரியை நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "எங்க அப்பாவுக்கும் இதே மாதிரிதான் சார்" என்றான். நடக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றான்.

அவனைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்ததா, இன்னும் கோபம் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பழைய மூளை வேலை செய்தது. "சீல் வச்சதுக்குப் பேப்பர் இல்ல. அதனால சீல் பிரிக்கிறதுக்கும் பேப்பர் வேண்டாம்" என்றேன். "கல் மூடினதுக்குப் பேப்பர் இருக்கு. மூடினது சரியா இருக்கான்னு சோதிக்க உனக்கு அதிகாரம் இருக்கு. வா. சோதனை பண்ணு. துணி தளர்ந்திருக்கு, கல்லை மட்டும் இறுக்கித் திரும்பக் கட்டினோம்னு ஒரு மகஜர் எழுது. வாசலைப் பத்தி ஒரு எழுத்து வேண்டாம். எழுதாததை நீக்க எழுத வேண்டியதில்லை."

அவன் விரல்விட்டு நாளை எண்ணினான். "நாளான்னிக்குக் காலைல கடலூர்ல மீட்டிங் சார். ஆறு மணிக்கு வந்துடறேன்" என்றான்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "அவன் வருவானா? அந்தப் பையனுக்குப் பாவம் பாக்கற. இவுரு கால யாரு பாக்கறது? பெட்டியில போட்டிருந்தா இந்நேரம் தொறந்திருப்பான்."

"அவன் வேலை போயிடும் அக்கா."

"ஒனக்கு ஆபீசுக்காரன்னா ஒட்டிக்கும்" என்றாள். அவன் வராவிட்டால் அன்றைக்கே மனுவைப் பெட்டியில் போட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டேன்.

இடையில் ஒரு நாள் இருந்தது. மாமாவைக் காரில் ஏற்றிச் சிதம்பரம் கூட்டிப்போனோம். விடியும் முன்பே கிளம்பினோம். குடிகாடு வந்ததும் தொழிற்சாலை நெடி கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. ஓட்டுநர் சாவகாசமாகக் கைக்குட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். "இங்க இருக்கிறவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டேன். "மூச்சு விடறாங்க சார்" என்றார்.

கோயிலுக்குள் பிராகாரக் கல் குளிர்ந்து கிடந்தது. மாமா செருப்பைக் கழற்றி, கைத்தடியை ஊன்றி, வலது காலை வைத்தார். பிறகு இடது காலை இழுத்தார். சிவகங்கைக் குளத்தருகே உட்காருவார் என்று நினைத்தேன், உட்காரவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தைத் தாண்டினார். அகலமான கல்தளம். எதிரே வண்டி கிடையாது. தட்டிவிட்டுப் போகக் கண்ணாடி கிடையாது. பாதிக்குமேல் இழுப்பது குறைந்து அந்தக் கால் ஊன்ற ஆரம்பித்தது. நான் கைகொடுக்கப் போனபோது, "புடிக்காத மச்சான்" என்றார். ஒரு சுற்று முடிக்க முப்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயில் என்றாள். அப்போது ஏழரை மணிகூட ஆகவில்லை.

மாமா படியில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா தெனம் ஒரு மணி நேரம் கார்ல வந்து அரைமணி நடந்துட்டு, திரும்ப ஒரு மணி நேரம் போறதா? கலெக்டருகூட அப்படி வாக்கிங் போவ மாட்டாரு."

இம்மாதிரிக் கோயில்களின் சுவர்களில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்திகள் நிறைய உண்டு. யார் விட்டார், எந்த நிலம், யார் பூப் பறிப்பது, யார் மாலை கட்டுவது என்று விவரமாக இருக்கும். அந்தக் காலத்தில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. போட்டிருப்பார்கள். ஆனால் சண்டை முடியும் வரை பூச்செடிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று எந்தக் கல்லிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெளியே வந்து இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சுவும் சாப்பிட்டோம். இதை மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போகலாம். பிறகு பிச்சாவரம். மாமாவைப் படகில் ஏற்றப் படகுக்காரர் தோளைக் கொடுத்தார். சுரபுன்னைக் காடு தண்ணீருக்குமேல் வேரை ஊன்றி நிற்கிறது. கிளை இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்டிருக்க, நடுவில் படகு போகிறது. "இத யாரு வெச்சது?" என்றாள் அக்கா. "அதுவா மொளைச்சதும்மா" என்றார் படகுக்காரர். "பரவால்ல, அதனால தொறந்திருக்குது" என்றாள் அக்கா.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு நான் பூங்கா வாசலில் நின்றேன். ஆறரை ஆயிற்று. ஏழும் ஆயிற்று. அஞ்சலை கூடையை இறக்கிவிட்டு, "இன்னா சார், இன்னிக்கும் மோந்து பாக்க வந்தியா?" என்றாள். ஏழே காலுக்கு அக்கா மாமாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். நான் பையிலிருந்து மனுவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எட்டு மணி வரை பார்ப்பது என்று எனக்கு நானே கெடு வைத்தேன்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குமரவேல் மொபெட்டில் வந்தான். "பெட்ரோல் இல்லாம நின்னுட்டேன் சார். தள்ளிட்டு வந்தேன்." சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்தவன் முதலில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு பையிலிருந்து பிளேடை எடுத்தான்.

முத்திரை நாலும் போயிற்று. கயிறு போயிற்று. கல்லின் துணியை மட்டும் திரும்ப இறுக்கிக் கட்டிவிட்டு, வாசலின் துணியை அறுத்துச் சுருட்டி இழுத்தான். உள்ளே கம்பிக் கதவில் கைப்பிடி அளவில் ஒரு பூட்டு தொங்கியது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தோம். முப்பத்தாறு வருட அனுபவத்தில் துணிக்குப் பின்னால் பூட்டு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் சாவியைத் தேடி எத்தனை அலுவலகம், எத்தனை கையெழுத்து என்று மனம் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது.

"சாவி எங்கிட்ட இருக்குது" என்றாள் அஞ்சலை.

"உங்ககிட்டயா?"

"வாச்மேன் வேற வேலைக்குப் போயிட்டான். போம்போது செடிக்குத் தண்ணி ஊத்துன்னு குடுத்துட்டுப் போனான். பின்பக்கமா போயி ஊத்திகினுதான் இருக்கறேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீ அரக்கப் பத்தித்தான கேட்ட? பூட்டப் பத்தி எங்க கேட்ட?"

கதவு திறந்தது. ஆனால் மாமா நுழையவில்லை. "மகஜரக் குடு" என்றார். குமரவேல் வண்டி சீட்டில் வைத்து எழுதி முடித்திருந்தான். சாட்சி இரண்டு பேர், மாமாவும் அஞ்சலையும். மாமா கண்ணாடி போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இதுல கல்லு இருக்குது, துணி இருக்குது. வாசல தொறக்கறதா எங்கயும் இல்லையே மச்சான்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மனுவைக் கசக்கிவிட்டேன். ஐந்து நாள் அலைந்து, ஒரு பையனின் வேலையைப் பணயம் வைத்துத் திறந்த கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு இந்த மனிதர் சிக்னல் கேட்கிறார். எதையாவது சொல்லியிருப்பேன். குமரவேல் முந்திக்கொண்டான்.

"வாசல மூடுனதாவும் எங்கயும் இல்ல ஐயா. ஆரம்பத்துலேர்ந்தே இது தொறந்துதான் இருக்குது. நீங்கதான் வரல."

மாமா அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு ரயில்வேயில் போட்ட அதே நீளக் கையெழுத்தைப் போட்டார். அஞ்சலை மீன் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பெயர் எழுதினாள். தாளில் கொஞ்சம் வாடை ஏறியது. மாமா தடியை ஊன்றி உள்ளே போனார். புல் இரண்டு பக்கமும் உயர்ந்திருந்ததால் சிறிது தூரத்துக்குப் பிறகு தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. அவை ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, நிமிர்ந்து நகர்ந்தன. குமரவேல் மீட்டிங்கை மறந்து நின்றான். "ஒங்க அப்பாவையும் கூட்டிகினு வா தம்பி" என்றாள் அக்கா. அவளிடம் அதை நான்தான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் நான் ஊருக்குப் புறப்பட்டேன். தேர்தல் முடிந்தது. எண்ணினார்கள். நான் எதிர்பார்த்தபடியே தூணிலிருந்த கல்லைப் பெயர்த்துவிட்டு வேறு பெயர்களோடு வேறு கல் வைத்தார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். தினமும் நூறு பேர் நடந்துகொண்டிருக்கும் பூங்காவுக்கு திறப்பு விழாவுக்கும் நாள் குறித்தார்கள். அன்று காலை வாசலில் ரிப்பன் கட்டி, உள்ளே நடந்தவர்களை எல்லாம் வெளியே வரச் சொன்னார்களாம். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. ஊழியர்கள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், ஐயா வெளியே வாங்க, பெரியவர் திறந்து வைத்ததும் உள்ளே போகலாம் என்று.

"இவுரு நிக்கவே இல்ல. நடந்துகினே கேட்டாராம், 'இது மூடியா இருக்குது? மூடியிருந்தா நான் எப்படி உள்ள இருக்கறேன்?'ன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"இன்னா சொல்லுவாங்க? அதுக்குள்ள காரு வந்துடுச்சி. பெரியவரு எறங்கிக் கத்திரிக்கோல வாங்கிட்டாரு. உள்ள ஆளு நடக்கறப்ப ரிப்பன் வெட்டுனா போட்டோவுல தெரியும்ல. இவுரு நாலாவது ரவுண்டுல இருந்தாரு. ரவுண்ட முடிச்சிட்டுத்தான் வருவேன்னுட்டாரு. தடிய பெஞ்சுல வெச்சிட்டு நடக்கறாரு இப்பல்லாம், ஒனக்குத் தெரியாதே. முடிக்க எட்டு நிமிஷம் ஆச்சி."

"அதுவரைக்கும்?"

"நின்னாங்க" என்றாள் அக்கா.